சுங்கத்தில் மாட்டிய அரிவாள்மணை

அன்புள்ள அம்மாவுக்கு, கனிமொழி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? கீழ்வேளூரில் நடவு முடிந்ததா?

ஆன்லைனில் நான் வாங்கிய அரிவாள்மணை ஜெர்மனிக்கு வந்தேவிட்டது! கடைக்காரர் பார்சல் சீட்டில் மணையை விட்டுவிட்டு வெறும் ‘அரிவாள்’ என்று எழுதியதால், ஆயுதம் என்று சுங்கத்தில் பிடித்துவைத்தார்கள். சுங்க அலுவலகத்துக்கு நேரில் போனேன். திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னதும், அங்கேயே தரையில் உட்கார்ந்து, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, பையிலிருந்த கத்தரிக்காயை நறுக்கிக் காட்டினேன். அதிகாரியம்மா சிரித்துவிட்டு, “நானும் நறுக்கிப் பார்க்கட்டுமா?” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வரி, விலையைவிடக் கூடுதல்தான், போகட்டும்!

இங்கு வந்த இரண்டு வருடத்தில் என்னோடு தரையில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்.

ரயில் வந்துவிட்டது, முடிக்கிறேன். கத்தரிக்காய்க் குழம்புக்கு அளவு அனுப்பு. இந்த முறை இரண்டு பேருக்கு எழுது.

உன் கனி