உன் சீட்டில் நான் ஏறுகிறேன், தம்பி

என் செல்லத் தடியா, தம்பி சரவணா,

உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். நேரில் போட நீ இல்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இங்கே நகரத்தில், பபேடானில் நம் தெருவில் யாராவது ஜெனரேட்டர் போட்டால் போதும், தையல் மிஷினை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, குண்டு போடுகிற விமானமோ என்று வானத்தைப் பார்க்கிறேன். பிரியாணிக் கடை பாய், "மேல ஒண்ணும் இல்லம்மா, நம்ம ஜெனரேட்டர்தான்" என்று தினமும் சொல்கிறார். நானும் தினமும் ஓடுகிறேன்.

அன்று வண்டி ஓட்டிய உன் கூட்டாளி கோ துன் வந்திருந்தார். கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. காட்டு அகதி முகாமில் அரிசியையும் மருந்தையும் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில்தான் பட்டாளத்துக்காரர்கள் சுட்டார்கள் என்று மறுபடியும் சொன்னார். நானும் மறுபடியும் அதையே கேட்டேன். வண்டியில் 'நிவாரணம்' என்று அவ்வளவு பெரிய சிவப்பு எழுத்து இருந்ததே, கண் தெரியவில்லையா அவர்களுக்கு? அவர் போனில் படத்தைக் காட்டினார். எழுத்தின் மேலேயே ஓட்டைகள். தெரியாமல் சுட்டிருந்தால் இன்னும் பெரிதாக எழுதலாம். தெரிந்தே சுட்டால் என்னடா செய்வது?

இப்போது வேறு வண்டி. எழுத்தும் இல்லை, கொடியும் இல்லை. சோறு கொண்டுபோகிறவன் கள்ளன் மாதிரி பதுங்கிப் போகிறான், சுடுகிறவன் நடுரோட்டில் நிற்கிறான். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

இதைக் கேள். போன வாரம் உன் போனுக்கு டோ மியா பேசினார். வீடு எரிந்து, இடம் மாறி மாறி, காட்டுக்குள் அத்தனை குடும்பங்களையும் கட்டி மேய்க்கிற அந்த அம்மாதான். நீங்கள் வந்துபோன மறுநாளே முகாமில் குண்டு விழுந்து, அவர்கள் இன்னும் உள்ளே போய்விட்டார்களாம். அதனால் வெளிச் செய்தி எதுவும் தெரியாது. பர்மிய மொழியில்தான் பேசினோம், லைன் விட்டு விட்டு வந்தது. அரிசி தீர்ந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் என்றார். ஆனால் அனுப்பு என்று கேட்கவில்லை.

"எங்களால யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது தங்கச்சி. ஒரு ஆளுக்கு ஏதாவது ஆயிருந்தாலும் சொல்லிடு. அப்படின்னா இனி யாரும் வர வேணாம், நாங்க இலை தழையைத் தின்னு பொழைச்சுக்கிறோம். தம்பி நல்லபடியா வீடு வந்து சேந்துச்சா?"

என்ன சொல்வேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வந்துட்டான். குளிச்சிட்டிருக்கான்."

"நல்லாக் குளிக்கட்டும், இங்க ஒரே சேறு" என்று அந்த அம்மா சிரித்தார். உனக்குக் காரியம் செய்து, காக்கைக்குச் சோறு வைத்த கையில்தான் போனைப் பிடித்திருந்தேன்.

பொய் சொன்னவள்தானே போய் நிற்க வேண்டும்? கோ துன்னை நம்பி அனுப்ப முடியாது. அவருக்குப் பொய் வராது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். இறக்காமலே மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார் டோ மியா.

அதனால் இந்த முறை உன் சீட்டில் நான். கேட்டதும் அம்மா குதித்தாள். "ஒண்ண குடுத்தது போதாதா? நீயும் போயி நெஞ்சைக் காட்டணுமா?" மூட்டை கட்டும்போது அவளே வந்து கருவாட்டைத் தனிப் பொட்டலமாகக் கட்டினாள்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. நீ எப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணம் மொய்ங்கா மீன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே ஏறினாய்? உண்மையிலேயே பயமில்லையா, எங்களுக்காக நடித்தாயா?

ஊர்ப் பேரையும் நாளையும் எழுதவில்லை, ஏனென்று உனக்குத் தெரியும். இது அச்சில் வரும்போது நாங்கள் திரும்பியிருப்போம்.

வண்டி நின்றதும் அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்ப்பார். உன்னைத் தேடுவார். "அடுத்த வண்டியில வர்றான், முதல்ல உலையை வைங்க" என்பேன். பெரியவர்கள், பிள்ளைகள், கடைசியாக டோ மியா, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் உண்மையைச் சொல்வேன். இது சத்தியம்.

அதுவரைக்கும் நீ சாகவில்லை, சரவணா.

உன் வாயாடி அக்கா,
மல்லிகா