உன் வீட்டின் இரண்டாவது அறை

இன்று காலை கடைத்தெருவில் பலசரக்குக் கடைக்காரர் ஒரு தேயிலைப் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். ஆணி பிடுங்கிய பலகையிலிருந்து காய்ந்த தேயிலை வாசம் எழுந்தது. வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். மழை நாட்களில் உன் வீட்டுச் சுவர்கள் இப்படித்தான் மணக்கும்.

நீ எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது பழைய காகிதம் வாங்க. மாதுங்காவில் எங்கள் கட்டடத்துப் படிகளில் சாக்கோடு ஏறி இறங்குகிறவர்களில் நீ ஒருத்திதான் தமிழ் பேசினாய். அதனால் அம்மா உனக்கு மோர் கொடுப்பாள். நான் அப்போது கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டிரேஸர். எஞ்சினியர்கள் பென்சிலில் போட்ட வீட்டுப் படங்களைக் கஞ்சி போட்ட மெல்லிய துணியில் மையால் நகலெடுக்கும் வேலை. வீணாய்ப்போன துணிகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். வெந்நீரில் அலசினால் கஞ்சி போய் நல்ல கைக்குட்டைத் துணி கிடைக்கும் என்று நீ அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குவாய். ஒரு நாள் ஒன்றை அலசக் கொண்டுபோகாமல் தரையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இது வீடுதானக்கா? இதக் களத்தி எடுத்துட்டுப் போவ முடியுமா?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. தாராவியில் சதுப்பை ஒட்டி இருந்த உன் குடிசையை முனிசிபாலிட்டி ஆட்கள் இரண்டு முறை பிரித்துப் போட்டிருந்தார்கள். இடித்தால்கூடப் பரவாயில்லை, தகரத்தையும் மரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றாய். கப்பல் வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முறையும் தனியாளாக முதலிலிருந்து கட்டியிருந்தாய்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தாராவிக்கு நடந்தே வருவேன். நான் வரைவேன், நீ தப்புச் சொல்வாய். என் முதல் படத்தில் சுவர்ப் பலகைகள் ஆறடி அகலம். உங்கள் சந்தில் அதைத் திருப்ப முடியாது என்று கையை விரித்து நின்று காட்டினாய். ஒரு பெண் தலையில் தூக்கக்கூடியதற்கு மேல் எந்தத் துண்டும் கனக்கக் கூடாது என்பது நீ போட்ட விதி. தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சட்டத்தில் அறைந்து, வெளிப்புறம் தார் பூசினோம். ஒன்றோடு ஒன்றைக் கையால் திருகும் போல்ட்டுகளால் பூட்டினோம். கூரைத் தகரத்தை ஒரே பக்கமாகச் சரித்து, மழைநீர் டிரம்மில் விழும்படி வைத்தோம். குழாயும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. கூரையில் பதித்த ஒரு கண்ணாடித் துண்டுதான் பகலில் உனக்கு விளக்கு. எத்தனையோ மாடிக் கட்டடங்களுக்குக் கோடு இழுத்திருக்கிறேன். நான் வரைந்த வீட்டுக்குள் நானே போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலம் முடிந்ததும் வண்டி வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். மறுநாள் எங்கள் மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்க நீ சொன்னாய். அவர்கள் சந்துக்குள் நுழைவதற்குள் வீட்டைக் கழற்றி, பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பலகையாகச் சுமந்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டீர்களாம். மாலையில் திரும்பி வந்து பூட்டிவிட்டாயாம். ஒரு போல்ட்டுகூடத் தொலையவில்லை.

அண்ணாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த வருஷம்தான். இரண்டு அறை வீட்டில் நான் இனி சமையலறையில் படுக்க வேண்டும். அதை நான் உன்னிடம் குறையாகக்கூடச் சொல்லவில்லை. நீயாகத்தான் கேட்டாய், நம் வீட்டில் இன்னும் ஒரு கோலி ஒட்டுப்போட முடியாதா என்று. தாராவியில் அறையைக் கோலி என்றுதான் சொல்வீர்கள். நாலு சுவர் வேண்டாம், மூன்று போதும், ஒன்றுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்றாய். அன்றே வரைந்து உன்னிடம் கொடுத்தேன். அத்தனை சந்தோஷமாக நான் எதையும் வரைந்ததில்லை.

பிறகு பயம் வந்துவிட்டது. அண்ணா என்ன சொல்வார், கட்டடத்தில் என்ன பேசுவார்கள், ஆபீஸுக்கு எந்த விலாசத்தைக் கொடுப்பது. நீ கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னேன். ஒரு நாள் நேராகவே கேட்டாய்.

"வாரியளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

"பார்க்கலாம்" என்றேன். நீ தலையாட்டிவிட்டு டிரம்மை மூடப் போனாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவது குறைந்தது. அப்புறம் நின்றே போனது. நீயும் காகிதம் வாங்க வேறு தெருவுக்குப் போய்விட்டாய்.

நீ மஞ்சள் காமாலையில் போன செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஓடி வந்தபோது உன் வீடு இல்லை. பலகைகளைச் சந்து நெடுகப் பார்த்தேன். ஒன்று யாருக்கோ கதவாகியிருந்தது, ஒன்று பால்காரர் கடையில் அலமாரித் தட்டாகியிருந்தது. வீடு இருந்த இடத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் அறை மட்டும் நின்றது. உன் பக்கத்து வீட்டுப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஆளுக்கொண்ணா எடுத்துக்கிடுங்கன்னு அவளே சொல்லிட்டா. இது உங்க கோலியாம். தொடக் கூடாதுன்னா. அவ வீட்டுச் சுவர் ஒண்ண மட்டும் இதுக்காவ விட்டு வச்சிருக்கோம்."

நீ அதைக் கட்டி முடித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. உள்ளே போனேன். என் படத்தில் இல்லாத ஒரு ஜன்னல் வடக்கே இருந்தது. கையின் நிழல் விழாமல் வரைய வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்று எப்போதோ உன்னிடம் சொல்லியிருப்பேன். அதன் கீழே என் உயரத்துக்கு ஒரு சாய்வுப் பலகை. வெளியில் ஆள் நடமாட்டம் குறையும்வரை அதன் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு, கைக்குழந்தையோடு சாக்குப் படுதாவுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த அறையைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, சுனாபட்டியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்று அண்ணாவிடம் சொன்னேன். எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "உனக்குச் சௌகரியமா இருந்தா சரி" என்றார். மன்னி பாத்திரங்களைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். பஸ் வரும்வரை அண்ணா பெட்டியைப் பிடித்துக்கொண்டு என்னோடு நின்றார். அவ்வளவுதான்.

என்னை யாரும் தடுக்கவில்லை. அன்று நீ கேட்டபோது வந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டார்கள். அதை நான் போய்ச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான்.