‘திருத்தாதீர்கள்’ என்று என் மகள் எழுதியதைத் திருத்தியது பற்றிய மனு

அனுப்புநர்:
காலமான லிஃப்ட்காரரின் மனைவி,
தண்ணீர்த்தொட்டித் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
பெரிய மருத்துவமனை.

பொருள்: முதியோர் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் உள்ள பலகையில் என் மகள் எழுதியது தலைகீழாக மாறியிருப்பது – பலகையைக் கழற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். இதில் பிழை இருந்தால் தாங்கள் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். என் மகள் எழுதியதைத் திருத்தியதுதான் என் புகார்.

1. என் மகள், மறதி நோய் வந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எழுத்தாளர். எழுத்தாளர் என்றதும் "கதையா, கவிதையா?" என்று கேட்கிறார்கள். பெரியவர் குளிக்க மறுத்தால் என்ன செய்வது, முரண்டு பிடித்தால் சட்டையை எப்படி மாட்டுவது என்று எழுதுகிறாள். முன்பு சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதினாள். அதை விட்டு இதற்கு வந்தது அவள் அப்பாவால்.

2. என் வீட்டுக்காரர் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். நோய் முற்றிய பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் கதவை ஒட்டி நின்று "எந்த மாடி?" என்பார். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. என் தம்பி, "அத்தான், இது வீடு. லிஃப்ட்டும் இல்ல, கிஃப்ட்டும் இல்ல" என்பான். இவர் முகம் சுண்டிப்போகும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் மகள் உள்ளே வந்து, "ஏழாவது மாடி போகணும்ணே" என்றாள். பெற்ற அப்பாவையே அண்ணே என்கிறாளே என்று அவளை அதட்டப் போனேன். அவரோ சட்டைக் காலரை இழுத்துவிட்டு, ஃபேன் சுவிட்சை அமுக்கி, நிமிர்ந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்து இறங்கும்மா" என்றார். அதன்பின் தம்பியும் வழிக்கு வந்தான். "எனக்குக் கீழ்த்தளம்" என்றான். "கீழதான்யா நிக்கிறோம், நடந்து போ" என்றார். எத்தனையோ மாதம் கழித்து எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

3. இதிலிருந்துதான் அவள் எழுதினாள்: "அவர்கள் மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். கூடவே போங்கள்." அது துண்டுத்தாளாக ஊரெல்லாம் போயிற்று. இவர் இறந்த அன்று, முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் மகளிடம், "உன்னாலதாம்மா எம் பொண்டாட்டி கடைசிவரைக்கும் எங்கிட்ட சிரிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார். துக்க வீட்டில் பெருமைப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன், ஐயா.

4. அந்தத் துண்டுத்தாளைப் பார்த்துத் தங்கள் மருத்துவமனையில் எழுதிவைத்த பலகையை, சென்ற வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது படித்தேன். "நோயாளர் பிழைபட உரைப்பின் உடனுக்குடன் திருத்துக" என்று இருக்கிறது. அடியில் மகளுடைய நிறுவனத்தின் பெயர். பலகைக்குக் கீழே ஓர் அம்மாள் தன் மகனிடம், "அப்பா எங்கடா, இன்னும் வரல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பா செத்து மூணு வருஷம் ஆச்சும்மா" என்றான் அவன். அப்போதுதான் சேதி வந்ததுபோல் அந்த அம்மாள் அலறினார். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடியும் கேட்டார். அவன் மறுபடியும் சொன்னான். மறுபடியும் அலறல்.

"ஏன் தம்பி, அதையே சொல்றே?" என்றேன். "நானாம்மா சொல்றேன்? போர்டுலயே போட்டிருக்கு பாருங்க" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர்தான். நான் ஒரு தடவை அழுததே எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த அம்மாளை ஒரே காலைப்பொழுதில் எத்தனை தடவை விதவையாக்குவது?

5. தங்கள் அலுவலக எழுத்தரிடம் கேட்டேன். "பேச்சு மாதிரி இருந்துச்சும்மா, கொஞ்சம் ஒசத்தி எழுதினோம்" என்றார். உசத்துங்கள், தலைகீழாகவா உசத்துவது என்றேன். "தப்பைத் திருத்தாதீங்கன்னு ஆஸ்பத்திரியே போர்டு வெச்சா ஜனம் சிரிக்காதா?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டில் இந்த நோய் வந்ததில்லை, வரவும் வேண்டாம். மகள் போய்க் கேட்டதற்கு, அடுத்த வருடம் வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்றார்களாம். அவள் மரியாதை தெரிந்தவள், சரி என்று வந்துவிட்டாள். எனக்குச் சரிப்படவில்லை.

ஆகவே ஐயா, அவள் எழுதியதை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதிவைக்க வேண்டும். அடியில் அவள் பெயரையும் போட வேண்டும். வேண்டாம் என்று கூச்சப்படுவாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். புதுப் பலகைக்கு நாளாகும் என்றால், பழையதை இன்றைக்கே இறக்கச் சொல்லுங்கள். ஏணி இல்லை என்று யாரும் தங்களிடம் சொல்ல வேண்டாம். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

தங்கள் உத்தரவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்,
அந்த எழுத்தாளரைப் பெற்றவள்
(கையொப்பம்)

இடம்: முதியோர் பிரிவு வாசல்
நாள்: திங்கட்கிழமை