சாவிக்கு அடங்காத வண்டி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் கேட்டாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது.

உங்கள் பிக்கப் வண்டி போய்விட்டது. பதறாதீர்கள், யாரும் திருடவில்லை, கொட்டகையில்தான் நிற்கிறது. இன்ஜின் போய்விட்டது. உங்கள் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதுவல்ல என்று தெரியும், இருந்தாலும் ஒரு ஒழுங்குக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் போட்டுவிட்டுப் போன கட்டளைகள் நினைவிருக்கும். வண்டியை யாரும் ஓட்டக் கூடாது. என் கண்ணாடிக்கடை வேலைக்கு எடுக்கவே கூடாது, சில்லு பட்டு சீட் கிழியும். ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு அணைக்க வேண்டும், அப்போதுதான் பேட்டரி இறங்காது. ஆயிலைப் பார்க்க வேண்டும், குறைந்தால் ஊற்ற வேண்டும். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடுவேன். இதில் கடைசியைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது.

இந்த ரெண்டு வருஷத்தில் அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. குளித்து, நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கால் மணி நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் என் பழைய வண்டியில் ஊர் முழுக்கக் கண்ணாடி இறக்கியவள் அவள்தான். நான் கண்ணாடி வெட்டும் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டிலேயே ஒரு வண்டி சும்மா உறுமிக்கொண்டிருக்க, வாடகை வண்டிக்காரன் வருகிறானா என்று தெருவை எட்டிப் பார்க்கும் கடைக்காரன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

ஆயிலை மட்டும் ஒரு நாளும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. குறையவே இல்லை. சொல்லப்போனால், அளக்கிற கம்பியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது. அவள் அதை என்னிடம் பெருமையாகக் காட்டுவாள், நானும் பெரிய மேதாவி மாதிரி தலையை ஆட்டுவேன். உங்களுக்குச் சொன்னபோது நீங்கள் 'சபாஷ்' என்றீர்களாம். மூடிவைத்த பாத்திரத்தில் எண்ணெய் தானாக எப்படிப் பெருகும் என்று நம் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? எனக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை, நான் கண்ணாடிக்காரன். வண்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் உங்களுக்கு எங்கே போயிற்று புத்தி?

போன ஞாயிறு ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக முறுக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அவள் மிதிக்கவில்லை. சாவியைத் திருப்பினாள், நிற்கவில்லை. சாவியை உருவிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள், அப்போதும் நிற்கவில்லை. கொட்டகை முழுவதும் வெள்ளைப் புகை. கடையில் சாய்த்துவைத்திருந்த கண்ணாடியெல்லாம் நடுங்கியது. கடைசியில் உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, அதோடு அடங்கியது. உங்கள் அத்தை ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் அழவில்லை. கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக்கை வரவழைத்தோம். எதைக் கேட்டாலும் முதலில் 'பொறுங்க' என்பார், அதனால் ஊரில் அவருக்குப் பெயரே பொறுங்க என்றாகிவிட்டது. ஆயிலை இறக்கினார். தண்ணீர் மாதிரி கொட்டியது, டீசல் நாற்றம் அடித்தது. நின்ற இடத்திலேயே உறுமுகிற இன்ஜினில் சரியாகச் சூடு ஏறாதாம். எரியாத டீசல் ஆயிலில் வடிந்து சேர்ந்துகொண்டே வருமாம். ஒரு நாள் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு இன்ஜின் தன்னிஷ்டத்துக்கு ஓடித் தன்னையே உடைத்துக்கொள்ளுமாம். கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது ஓடிக் கெட்ட இன்ஜின் இல்லீங்க. ஓட்டாமக் கெட்டது."

அந்த நேரத்தில் நான் என் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் வண்டிக்கு முந்தைய மாடல், சதுரமாகப் பெட்டி மாதிரி இருக்குமே, அதில் ஒன்று சுவர் சரிந்து விழுந்து நசுங்கிக் கிடக்கிறதாம். இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். அதை எடுத்து இதில் வைத்துவிடலாம் என்கிறார் பொறுங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் உங்கள் மனைவி. கேட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காமல் கொஞ்சம் நடங்கள். எது எதனால் கெடுகிறது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

*

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. நாலு பக்கம் எழுத உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. புது வண்டியில் பழைய இன்ஜின் வைத்தால் நாலு பேர் சிரிப்பார்கள், விற்கப் போனால் எவனும் சீந்தமாட்டான், நான் வந்து பார்க்கும்வரை யாரும் கை வைக்க வேண்டாம் என்று திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் 'எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்'. அந்த எல்லோரில் ஒருத்தி கடிதத்தை முழுதாகப் படித்தாள், மடித்து அலமாரியில் வைத்தாள், நேராகப் போய்ப் பொறுங்கவிடம் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டாள்.

வண்டி அவள் பெயரில் இருப்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். பெண் பெயரில் வாங்கினால் ஏதோ சலுகை என்று நீங்களே செய்த ஏற்பாடு அது. இன்ஜின் மாற்றியதைப் பதிய அவள் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. உங்கள் சாமர்த்தியம் என்றைக்காவது யாருக்காவது பயன்படும் என்று நான் நினைத்ததில்லை.

உண்மையைச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் நானும் உங்கள் கட்சியாகத்தான் இருந்தேன். பேரன் சட்டைக்குள் தாத்தாவை நுழைக்கிற வேலை இது என்று பொறுங்கவிடமே கேலி பேசினேன். பொறுங்க என்றார். சங்கிலி போட்டு உங்கள் இன்ஜினைத் தூக்கினார்கள். அதோடு என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு ஒயர்க் கட்டு வந்துகொண்டே இருந்தது. காற்றுக்கு ஒரு சென்சார், புகைக்கு ஒரு சென்சார், சீட் பெல்ட் போடாவிட்டால் கூவ ஒரு சென்சார். ஆயில் பெருகுகிறது ஐயா என்று சொல்ல மட்டும் எவனுக்கும் ஒன்று வைக்கத் தோன்றவில்லை. பழைய இன்ஜினுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. டீசலைக் கொடுத்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும்.

அதற்காக வேலை சுலபமாக முடிந்தது என்று எண்ண வேண்டாம். கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. இன்ஜின் உட்காரும் இடத்தை வெட்டி, வேறு இரும்பு வைத்து வெல்டிங் அடித்தார்கள். பழையது உயரம் அதிகம், பானெட் மூடவில்லை. கீலுக்கு அடியில் வளையம் வைத்து உயர்த்தினார் பொறுங்க, இப்போது வண்டி எப்போதும் வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறது. இல்லாத இன்ஜினைத் தேடித் தேடி டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. வேகம் காட்டும் முள் எழுந்திருப்பதே இல்லை. உங்கள் பந்தாவான வண்டியைப் பார்த்தால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், எனக்குப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது.

இன்னொன்று. சாவிக்கு இப்போது கதவைத் திறப்பதும் விளக்கு எரிய வைப்பதும்தான் வேலை. இன்ஜினைக் கிளப்ப வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் சூடேற்றி, பிறகு இன்னொரு பட்டனை அழுத்த வேண்டும். அணைக்க, ஒரு கம்பியை இழுக்க வேண்டும். பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்பது அவளுக்கும் பொறுங்கவுக்கும்தான் தெரியும். எனக்கே சொல்லவில்லை.

இந்த ஆட்டத்தில் கண்ணாடி தாங்காது என்று கடைசிவரை சாதித்தேன். பழைய இன்ஜின் உடம்பெல்லாம் குலுங்கும் ஜாதி. அவள் வாதாடவில்லை. ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்த ஒரு கண்ணாடியைக் கழிவிலிருந்து எடுத்து, வண்டியில் சாய்த்துக் கட்டி, விரிசலின் நுனியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்தபோது விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் ஓடியிருந்தது. பார்த்தாயா என்றேன். அவள் பொறுங்கவிடம் போய் இன்ஜினுக்கு அடியில் தடித்த ரப்பர் வைக்கச் சொன்னாள், புதுக் கோடு போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினாள். குண்டும் குழியுமான சந்தை வழியாகத்தான் போனாள். இந்த முறை விரிசல் கோட்டிலேயே நின்றிருந்தது. என் வாயும் அதோடு நின்றது.

இப்போது கடைக் கண்ணாடி எல்லாம் அவள்தான் இறக்குகிறாள். முன்பு என்னைக் கேட்ட வாடிக்கையாளர்கள் இப்போது அவளைக் கேட்கிறார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழையபடி குளித்து, நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, கொட்டகைக்குப் போய் ஓட்டும் இருக்கையில் உட்கார்கிறாள். ஸ்டார்ட் செய்வதில்லை, அதற்கு இனித் தேவையும் இல்லை. கால் மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்க உங்கள் அத்தைக்கும் எனக்கும் தைரியம் வரவில்லை. உங்களுக்குக் காரணம் தெரிந்தால், அடுத்த நாலு பக்கத்தில் ஒரு வரி ஒதுக்கி எழுதுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

*

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் வந்து போனார். ரெண்டு வருஷத்தில் உங்கள் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆள் என்பதால் மரியாதையாகவே உட்காரவைத்தோம். தம்பி மனைவியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று உங்கள் அத்தை வாயெல்லாம் பல்லாக அடுக்களைக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். உங்களிடம் இருந்த ரெண்டாவது சாவி. வண்டியைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக நிறுத்திவைக்கச் சொன்னீர்களாம்.

நிறுத்திவைக்க. ஒரு தடவை நிறுத்திவைத்துப் பார்த்தது உங்களுக்குப் போதவில்லை.

கொட்டகைக்கு அவரே போனார், நான் தடுக்கவில்லை. கதவு திறந்துகொண்டது. கம்பீரமாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். விளக்கெல்லாம் எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். இறங்கிப் பானெட்டைத் தூக்கி உள்ளே ஏதோ புரிந்த மாதிரி பார்த்தார். அப்புறம் மூடப் பார்த்தார். அது எப்படி முழுதாக மூடும்? தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து, அடித்து அடித்து அமுக்கினார். எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை விட்டுவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடையிலிருந்து என் மகள் வந்தாள். விரலெல்லாம் கண்ணாடி பதிக்கிற புட்டிப் பசை. அவர் விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கிளப்புவது என்று கேட்டார். அவள் கையைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "வண்டி என் பேர்ல இருக்கு அத்தான், யாருக்கும் குடுக்கறதா இல்ல. அவரை வரச் சொல்லுங்க. எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு அவருக்கு நான் சொல்லித் தர்றேன்."

அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாவியோடு போய்விட்டார். அவர் உங்களிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருப்பார், அதுவும் காது மூக்கு வைத்து. அதனால்தான் மறுபாதியை நான் எழுதுகிறேன். உங்களை வரச் சொல்லி அவள் வாய் திறந்தது இந்த ரெண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

உங்களைப் பற்றி என் அபிப்பிராயம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம். கட்டியவளுக்கு ஒரு வரி எழுதாமல் இரும்புக்கு நாலு பக்கம் எழுதுகிற ஆளை மதிக்க எனக்கு இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் என் அபிப்பிராயத்தோடு அவள் குடித்தனம் செய்யப்போவதில்லை. அவள் வரச் சொன்னாள், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது, அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். நேற்று ஞாயிறு. அவள் கொட்டகைக்குப் போகவில்லை. தூங்கினாள். ஜன்னலில் வெயில் ஏறிக் கட்டில்வரை வந்த பிறகும் தூங்கினாள். உங்கள் அத்தை காய்ச்சலோ என்று பயந்து ரெண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். காய்ச்சல் இல்லை. எழுந்து வந்து நன்றாகச் சாப்பிட்டாள், பழைய உடையிலேயே கடைக்கு வந்து எனக்குச் சட்டம் பிடித்துக் கொடுத்தாள். பேச்சுவாக்கில் இன்றைக்கு என்ன கிழமை அப்பா என்று கேட்டாள். சொன்னேன். அப்படியா என்றாள். முகம் தெளிவாக இருந்தது.

ரெண்டு வருஷமாக உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது மாப்பிள்ளை. நேற்றுத்தான் முதல்முறையாக உங்களுக்காகப் பயந்தேன்.

வருவதானால் சீக்கிரம் வாருங்கள். வரப்போவதில்லை என்றால் அண்ணனிடமிருந்து சாவியை வாங்கித் தபாலில் போட்டுவிடுங்கள், பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். எப்படியானாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை
உங்கள் மாமனார்