கறுப்பு மட்டும் வரவில்லை

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான். அதற்குள் பிரிண்டர் படுத்துவிட்டது. மே மாதம் முழுக்க யாரும் அதைத் தொடவில்லை. இந்த வெயிலில் உள்ளே மை காய்ந்து அடைத்திருக்க வேண்டும். சிவப்பு வருகிறது, நீலம் வருகிறது, மஞ்சள்கூட வருகிறது. கறுப்பு மட்டும் விட்டு விட்டு வருகிறது. எழுத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கீறல்கள். எனக்கே படிக்கக் கஷ்டமாக இருந்தால் ஷைனிக்கு?

என் மகளுக்கு எட்டாம் வகுப்பில் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறதாம். கண்ணாடி உதவாது, ஆபரேஷனும் கிடையாது. “எழுத்தைப் பெருசா, நல்ல கறுப்பா போட்டுக் குடுங்க” என்றார் டாக்டர். என் கையால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து பாடப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நாலாகப் பிரித்துப் பெரிதாக்கி வீட்டிலேயே அடித்துக் கொடுக்கிறேன். இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த வாரமே அறிவியல் டெஸ்ட்.

ஜூன் 10, செவ்வாய்

மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் பண்ண, பிரிண்டரிலேயே இருக்கும் ஹெட் கிளீனிங் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். டேங்கில் மை இறங்குகிறதே தவிர, தாளுக்கு வரவில்லை. எங்கே போகிறது?

ஜூன் 12, வியாழன்

நெல்லூர் தாண்டி லாரியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் மோசஸ் போன் பண்ணினார். சொன்னேன். “பேட்டரி தண்ணி ஊத்திப் பாரேம்மே. எல்லா அடைப்பும் வுட்டுரும்” என்றார். லாரிக்காரர் வேறென்ன சொல்வார் என்று சிரித்தேன். பிரிண்டர் ரிப்பேர் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தால் அதில் பேசுகிறவனும் அதையேதான் சொல்கிறான்.

கம்பெனி விட்டதும் பேட்டரிக் கடையில் தண்ணீர் வாங்கினேன். மெடிக்கலில் ஒரு சிரிஞ்சு. கடைக்காரர் “யாருக்குமா ஊசி?” என்றார். “பிரிண்டருக்கு” என்றேன். நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தையே பார்த்தார்.

மெல்லிய தாளை மடித்து நனைத்து, ஹெட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலைவரை ஊறட்டும்.

ஜூன் 13, வெள்ளி

தாளில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஆசை ஆசையாகப் பிரிண்ட் கொடுத்தேன். நேற்று பாதியாவது வந்தது. இன்றைக்கு வெறும் வெள்ளைத் தாள். சீ.

விரலெல்லாம் மை, தேய்த்தும் போகவில்லை. எங்கள் கம்பெனியில் பேக்கிங் லைன் சூப்பர்வைசர் குணசுந்தரி அக்கா பார்த்துவிட்டு, “இன்னா சாராளு, பத்து வெரல்லயும் ஓட்டு போட்டியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையுறை போட்டுக்கொண்ட பிறகு அழுகையா வந்துச்சு.

ஜூன் 14, சனி

சர்வீஸ் பண்ணும் சரவணன் வந்தான். மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். “ஹெட்டு போச்சுக்கா. புதுசு மாத்தணும். இந்த மாடலுக்கு இப்ப வராது.”

“கிளீன் பண்ண முடியாதாப்பா?”

“நீ ரொம்ப நோண்டிட்டக்கா.”

அவன் போன பிறகு ஷைனி உள்ளேயிருந்து வந்து, “அவரு சும்மா சொல்றாரும்மா. நீ ஒண்ணும் நோண்டல” என்றாள். அவள் ஆறுதல் சொல்லும் நிலைமைக்கு நான் வந்துவிட்டேன்.

ஜெராக்ஸ் கடையில் ரெண்டு பக்கம் பெரிதாக்கிக் கொண்டுவந்தேன். வெளிறித்தான் இருந்தது. அவள் மூக்குத் தாளில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, “இதுலயும் வுட்டு வுட்டுத்தாம்மா வருது” என்றாள். அங்கேயும் மிஷின் சரியில்லை போல.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஹெட்டை வெளியே எடுத்தேன். கறுப்பு மை நுழையும் துளையில் சின்ன ட்யூபைச் செருகி, சிரிஞ்சால் தண்ணீரைத் தள்ளினேன். மெதுவாகத் தள்ள வேண்டும், வேகமாகத் தள்ளினால் ஹெட்டே உடைந்துவிடும் என்று வீடியோக்காரன் பயமுறுத்தியிருந்தான். தண்ணீர் இறங்கவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று விட்டுக்கொடுத்தது. கீழே விரித்திருந்த துணியெல்லாம் கறுப்பு.

திரும்ப மாட்டி டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். கோடுகள் முழுசாக வந்தன! ஒரு இடத்தில்கூட வெட்டு இல்லை. கத்தியே விட்டேன். அடுப்பைக்கூட அணைக்காமல் அறிவியல் முதல் பாடத்தை அடித்து ஷைனியிடம் ஓடினேன்.

குனிந்து பார்த்தாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கமும் திருப்பினாள். ரொம்ப நேரம்.

“இன்னும் சரியாவலம்மா. நடுவுல எழுத்தே இல்ல.”

தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லா எழுத்தும் இருந்தது. கன்னங்கரேலென்று இருந்தது.

“ஆமாண்டி. இன்னும் கொஞ்சம் கிளீன் பண்ணணும்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 16, திங்கள்

பிரிண்டர் பக்கமே போகவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கேட்டாள்.

“பிரிண்டர் நல்லாத்தான கீது?”

பொய் வரவில்லை. “ஆமா.”

“எனக்கு லீவுலயே தெரியும்மா.”

“ஏண்டி சொல்லல? சொல்லியிருந்தா அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, பாவி!”

“ஸ்கூல் தொறந்தா நெஜமாவே பிரிண்டரும் கெட்டுப்போச்சு. நீ வேற அதையே நோண்டிக்கினு இருந்த. ஒருவேள அதுதான் ரிப்பேரோன்னு எனக்கும்...” நிறுத்திவிட்டாள். “அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சும்மா.”

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை எனக்கு. அவள்தான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 21, சனி

மெட்ராஸ் ஆஸ்பத்திரி. மோசஸ் லோடை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு மருந்து.

பார்வையின் நடுவில் இருந்த மறைப்பு அகலமாகிவிட்டதாம். முழு இருட்டு ஆகாது, ஓரப் பார்வை இருக்கும் என்றார் டாக்டர். “எழுத்தை இன்னும் பெருசாக்கி இனிமே பெரிய பிரயோஜனம் இருக்காதும்மா. காதால படிக்கட்டும். பரீட்சைக்கு அவ சொல்லச் சொல்ல எழுத ஆள் குடுப்பாங்க.” அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் மோசஸ் ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் பெயரைப் படித்துச் சொன்னார். அத்திப்பட்டு. நந்தியம்பாக்கம். மீஞ்சூர். யாரும் அவரைக் கேட்கவில்லை. பொன்னேரி தாண்டியதும் ஷைனி மெதுவாக, “இந்த லைன் எனக்கு மனப்பாடம்ப்பா” என்றாள். அவர் எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

வேலை விட்டு வந்ததும் பாடத்தை வாசித்துக் காட்டுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். வேதியியல் பெயர்களில் நாக்குச் சிக்கிக்கொள்கிறது. மோசஸ் லாரி நிற்கும் இடங்களில் வரலாறு படித்து போனில் பதிவு பண்ணி அனுப்புகிறார். உலகப்போர் நடுவில் ஹாரன் சத்தம்.

சில நாள் கேட்கிறாள். சில நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். “போதும்மா.” புத்தகத்தை மூடிவிடுகிறேன். அப்புறம் நான் இன்னா பண்றது? அவ முதுகப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்.

ஜூலை 19, சனி

மாத டெஸ்டில் ஃபெயில். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஊத்துக்கோட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்று பிடிவாதம். அங்கே இறங்கும் இடத்தில் மோசஸின் தங்கை காத்திருப்பாள். இங்கே ஏறுவதுதான் பயம். சரி என்று அனுப்பிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் லாரிகளுக்கு நடுவில் நின்றேன். ஒரு பஸ் வந்தது. நெற்றியில் ஊர்ப் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தது! அவள் அண்ணாந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டாள். ரோட்டைத் தாண்டி எனக்கே கேட்கிற மாதிரி.

“அக்கா, எனக்குக் கண்ணு சரியா தெரியாது. இது ஊத்துக்கோட்டை பஸ்ஸாக்கா?”

பள்ளிக்கூடத்தில், சர்ச்சில், சொந்தக்காரர்களிடம், எங்கேயும் அவள் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

“இல்லம்மா, இது பொன்னேரி. நில்லு, உன்னுது வந்தா நான் சொல்றேன்.”

காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்தபோது நான் கையாட்டினேன். அவள் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்திருக்காது.