அலுமாரியில் இருந்த விண்ணப்பம்

மல்லாவி
13.03.2025

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், நீயும் கொழும்பில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காலபோக அறுப்பு முடிந்துவிட்டது. வயல் வேலை இல்லாத நாட்களில் வீடு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரம் சாப்பிட்டும் மிஞ்சுகிறது, நாய்க்கு வைக்கிறேன். அம்மா வழக்கமாக இருந்த கதிரையில் துவைத்த உடுப்புகளைப் போட்டு வைக்கிறேன், வெறுமையாகக் கிடந்தால் கண் அங்கேயே போகிறது. வெள்ளிக்கிழமைகளில் நீ எடுக்கும்போது இதைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு கிழமையாக நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சட்டபீட மலருக்கு நீ எழுதி எனக்கும் அனுப்பிய கட்டுரையை, அங்கே படித்த நாலு வருசத்தைப் பற்றியதை, மூன்று முறை வாசித்தேன். முதல் வருசம் ஆங்கில விரிவுரை விளங்காமல் கடைசி வாங்கில் இருந்து, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, பிறகு விடுதியில் அகராதியோடு மல்லுக்கட்டினாய் என்பது எனக்குத் தெரியாது. ஊர் மல்லாவி என்று நீ சொன்னதும், அதற்கு முதல் எந்தத் தேயிலைத் தோட்டம் என்று ஒருத்தி கேட்டதும், அன்று நீ சாப்பிடப் போகாததும் தெரியாது. ஒன்றையும் நீ சொல்லவில்லை. நானும் உனக்கு ஒன்றைச் சொல்லவில்லை.

கட்டுரையின் முடிவில், "என் முதல் விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை, எங்களைப் போன்றவர்களின் கடிதத்தைக் கந்தோர் பிரித்தும் பார்க்காது என்பதே நான் படித்த முதல் சட்டம்" என்று எழுதியிருக்கிறாய். மகள், அந்த விண்ணப்பம் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போகவே இல்லை. இரண்டாம் வருசச் சித்திரை விடுமுறையில் நீ வந்து, நாங்கள் குடியிருக்கும் கால் ஏக்கரை எங்கள் பெயருக்குத் தரும்படி எழுதி, 18.04.2022 என்று திகதி போட்டுத் தந்தாய். நீ போன பிறகு, புதன்கிழமை, வெள்ளைச் சேட்டும் போட்டுச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். மதகடியில் அப்புத்துரை ஐயா நின்றார். "என்னடா ராசு, வெள்ளைச் சேட்டோட, பொம்பிளை பார்க்கவோ போறாய்?" என்று சிரித்தார். தபால் கந்தோருக்கு என்று மழுப்பினேன். அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த காணியின் ஒரு மூலையில்தானே எங்கள் வீடு. தோட்டத்தை விட்டு எங்கள் ஆட்கள் வந்து நின்றபோது அவருடைய தகப்பன் வாய்ச்சொல்லில் விட்ட இடம் அது. போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோதும், எல்லாம் காடாகிக் கிடக்க, இதுதான் உங்கட எல்லை என்று கதியால் நட்டு வேலி போட்டுக் காட்டியவர் அவர். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்குத் தெரியாமல் அந்தத் தாளைக் கொடுக்க மனம் வரவில்லை. தெரியப்படுத்தவும் துணிவு வரவில்லை. திரும்பி வந்து அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்தேன்.

நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதில் வந்ததா என்று கேட்பாய், இன்னும் இல்லை என்பேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாதான், "ஒண்டில் கொண்டுபோய்க் குடுங்கோ, இல்லாட்டிக் குடுக்கேல்லை எண்டு பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்று அலுக்காமல் சொன்னாள். போன ஆடியில் அவளும் போன பிறகு, இந்த வீட்டில் அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

செவ்வாய்க்கிழமை அப்புத்துரை ஐயாவிடம் போய் விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "பிள்ளை ஒண்டும் பிழையா எழுதேல்லை" என்றார். "ஆனா நான் சம்மதம் எண்டு கையெழுத்து வைக்கிறதெண்டால் கனடாவில இருக்கிற மகனிட்டைக் கேக்கோணும்" என்றார். வழக்கமாக, இரடா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்பவர், அதைச் சொல்லவில்லை. நேற்றுப் புதன்கிழமை மதகடியைக் கடந்தபோது அவர் நின்றார், கூப்பிடவில்லை. நானும் சைக்கிளை நிற்பாட்டவில்லை.

கந்தோரில் சுதாஜினி என்ற பிள்ளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, திகதி மூண்டு வருசம் முந்தினதா இருக்கு, மாத்தித் தரட்டோ?" என்று கேட்டது. வேண்டாம் பிள்ளை, அது மகள் போட்ட திகதி, அப்படியே இருக்கட்டும் என்றேன். அதன் கீழே 12.03.2025 என்று முத்திரை குத்தி, பிரதியும் தந்தது. பிரதியை இதோடு வைத்திருக்கிறேன்.

மலர் அச்சுக்குப் போக முதல் அந்த வரியை மாற்று மகள். கந்தோர் பதில் தரவில்லை என்று எழுதாதே. விண்ணப்பத்தை அப்பா கொடுக்கவில்லை என்று எழுது, என் பெயரையும் போடு. செய்யாத பிழையை அந்தக் கந்தோர் சுமக்கக் கூடாது, அதுவும் நீ எழுதும் எழுத்தில். என்மேல் கோபம் என்றால் கோபப்படு, ஆனால் சாப்பாட்டை விடாதே. கண்ணாடியை மாற்றச் சொன்னேன், பரீட்சைக்கு முதல் மாற்றிவிடு.

அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உன்னோடு இருக்கும், நீ கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்பதை நான் காணவேண்டும். நாளைக்கு வெள்ளி, நீ எடுப்பாய், அதற்குள் இது உன் கைக்கு வராது, நான் வேறு கதைதான் கதைப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் எடு. பதில் வந்ததா என்று கேள். இன்னும் இல்லை என்பேன். அந்த முறை அது உண்மையாக இருக்கும்.

இப்படிக்கு
உன் அப்பா
ராசு