கண்ணாடி இல்லாத ஹால்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு என் கையிலிருந்து ஒரு கண்ணாடி போயிருக்கும். போகவில்லை. மச்சான் புண்ணியம்.

துணிக்கடை மாடிக்கு ஆள் உயர முகக்கண்ணாடி. வழக்கம்போல அவர் மேலே, நான் கீழே. படியில் கீழே வருகிறவனுக்குத்தான் பாரம். இத்தனை வருஷமாக அது என் இடம். திருப்பத்தில் இடது காலை வைத்தேன், வைத்த இடத்தில் படி இல்லை. மச்சான் மேலிருந்து இழுத்துப் பிடித்ததில் அவர் தோள் சுவரில் மோதியது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

வேனில் திரும்பினோம். எங்கள் கண்ணாடிக் கடையில் இறங்கியதும் சொன்னார்: "மாப்ள, சமதரைன்னா வாங்க. படின்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். மனசுல வச்சுக்காதீங்க."

வச்சுக்காம எப்படி? கடையில உக்காந்து கண்ணாடி வெட்டறதுக்கா நான் இருக்கேன்? பொண்டாட்டியோட அண்ணன் ஆச்சே, திருப்பிச் சொல்லவும் முடியல. சொன்னது தப்புன்னும் சொல்ல முடியல.

மார்ச் 6, புதன்

கிளினிக். காது, கண், முட்டி எல்லாம் பார்த்தார் டாக்டர். பெரிதாக ஒன்றுமில்லையாம். பிரஷர் கொஞ்சம் கூட, அதற்கு ஒரு மாத்திரை. வயதாக ஆகக் கால் மூளைக்குச் சொல்லும் சேதி மங்குமாம்.

நர்ஸம்மா ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "இப்ப கண்ண மூடுங்க" என்றார். மூடியதுதான் தாமதம், கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார்: "உங்க கால் ரெண்டும் கண்ணுலதான் இருக்கு."

அது இன்னும் காதிலேயே இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஏறும்போது அதன் வழியாகவே படி தெரியும், கால் தெரியும். முகக்கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும். முன்பெல்லாம் அதைத் தூக்கியும் தடுமாறியதில்லையே? பார்த்துப் பார்த்தே நடந்ததில் கால் தன் வேலையை மறந்துவிட்டதா?

நூலகத்து மாடி ஹாலில் நர்ஸம்மா தாய் சீ வகுப்பு எடுக்கிறாராம், செவ்வாயும் சனியும் காலையில். சீனத்துச் சண்டைக் கலையாம், ஆனால் யாரும் யாரையும் அடிப்பதில்லையாம். போய்த்தான் பார்ப்போமே.

மார்ச் 9, சனி

ஹாலில் கண்ணாடியே இல்லை! உடற்பயிற்சி செய்கிற இடத்தில் வெறும் சுவர். தொழில் புத்தி, கண்ணால் அகலம் உயரம் எல்லாம் அளந்துவிட்டேன். "இந்தச் சுவருக்கு ஒரு கண்ணாடி போட்டுடலாங்க" என்றேன். "வேணாம். இருந்தா அதப் பாத்துதான் நிப்பீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு கேக்க மாட்டீங்க" என்றார் நர்ஸம்மா.

கால் பேசுமா? கேட்டுப் பார்த்தேன். வலிக்கிறது என்று மட்டும் சொன்னது.

வீட்டில் வந்து குறை சொன்னேன், கண்ணாடி இல்லாமல் எப்படிக் கற்பது என்று. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று போய்விட்டாள் இவள்.

மார்ச் 10, ஞாயிறு

தொடை இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. கையை ஆட்டிக்கொண்டு மெதுவாக நடந்ததற்கா இவ்வளவு?

மார்ச் 19, செவ்வாய்

புதிர் கொஞ்சம் அவிழ்ந்தது. வேகமாக நடக்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலில் விழுகிறோம், மறு கால் தாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் நடை. மெதுவாக நடந்தால் அப்படி விழ முடியாது. முட்டியை மடக்கியபடியே ஒரு காலின் பாரத்தை முழுக்க மறு காலுக்கு ஊற்ற வேண்டும். காலியான பிறகுதான் எடுக்க வேண்டும். வைக்கும்போதும் குதிகால் முதலில், பாரம் ஏற்றாமல். தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பாரம். தொடை ஏன் எரியாது!

அடுப்படியில் பழகிக்கொண்டிருந்தேன். இவள் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். "காத்துக்கு வெள்ளையடிச்சு முடிச்சாச்சுன்னா அந்தக் குக்கர எடுத்துக் குடுங்க."

மார்ச் 28, வியாழன்

புத்தி கெட்ட வேலை. வங்கிக்கு வாசல் கண்ணாடி, சமதரைதான். பாதி வழியில், இதையே தாய் சீ நடையாக நடந்தால் என்ன என்று தோன்றியது. நடந்தேன். மச்சானிடம் சொல்லவில்லை. கண்ணாடி தூக்குகிற இரண்டு பேர் நான்கு காலுள்ள ஒரே பிராணி. முன்னங்கால் நடக்கும்போது பின்னங்கால் ஆராய்ச்சி செய்யக் கூடாது. கண்ணாடி ஒரு முறுக்கு முறுக்கிக் கிறீச்சிட்டது.

"என்ன மாப்ள, ஆமை ஏதாச்சும் குறுக்க போகுதா?"

விஷயத்தைச் சொன்னேன். "பதறாத காரியம் சிதறாதுன்னு நானும் சொல்றவன்தான். அதுக்குன்னு இப்படியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போச்சு. இனிமே சமதரையும் போச்சுன்னுதான் நெனச்சேன். நல்லவேளை, அத அவர் சொல்லல.

ஏப்ரல் 6, சனி

நின்றபடியே பேன்ட் போட்டேன். சுவரைப் பிடிக்காமல்! எப்போதிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து போட ஆரம்பித்தேன் என்பதே நினைவில்லை.

ஏப்ரல் 24, புதன்

பிரஷர் இறங்கியிருக்கிறது. தூக்கமும் பரவாயில்லை, படுத்ததும் நாளைய வேலை மண்டைக்குள் ஓடுவதில்லை. மாத்திரையா, தாய் சீயா என்று கேட்டேன். "ரெண்டும்னு வச்சுக்குங்க. இத நம்பி அத நிறுத்திடாதீங்க" என்றார் நர்ஸம்மா. கற்றுக்கொடுக்கிறவரே இப்படி அடக்கிச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இது சர்வரோக நிவாரணி என்றிருந்தால் அன்றைக்கே நின்றிருப்பேன்.

கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றும் காட்டினேன். பாதத்துக்குள் என்னென்னவோ நடக்கிறது. கட்டைவிரல் அழுத்துகிறது, சுண்டுவிரல் விடுகிறது, குதிகால் சமாதானம் பண்ணுகிறது. இத்தனை நாள் செருப்புக்குள் இப்படி ஒரு குடும்பமே இருந்திருக்கிறது.

மச்சான் மட்டும் படி வேலைக்கு இன்னும் கூப்பிடவில்லை.

மே 21, செவ்வாய்

வகுப்பு. கடை. மச்சான் வேறு ஆளோடு மாடிக்குப் போனார். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

முடிதிருத்தும் கடை, இரண்டாவது மாடி. அந்த வேறு ஆளுக்குக் காய்ச்சல். முகக்கண்ணாடி. அதுவும் அன்றைய அதே அளவு.

படியடியில் மச்சான் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேல் பக்கத்தைப் பிடிக்கப் போனேன். "மாப்ள," என்றார், "அன்னிக்கு செவுத்துல இடிச்ச தோள் இன்னும் சரியாகல. கீழ வர்றீங்களா?"

வந்தேன். அவர் பின்னோக்கி ஏறினார், அவர் வேகத்திலேயே நானும். எனக்கு எதிரே என் மூஞ்சி. படி தெரியவில்லை, ஆனால் கால் சொல்லிக்கொண்டே வந்தது. முதல் திருப்பம் தாண்டியதும் மச்சானின் குதிகால் இடறி, அவர் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். மொத்தப் பாரமும் என் மேல் சரிந்தது.

நான் எதுவும் செய்ததாக நினைவில்லை. இடுப்பு தானாக இறங்கியது. பாரம் வலது காலுக்குப் போய்த் தரைக்குள் போனது. கண்ணாடி நின்றது.

"போச்சுன்னு நெனச்சேன்" என்றார் அவர், உட்கார்ந்தபடியே.

"நானும்தான்."

கண்ணாடியை மாட்டி முடித்துக் கீழே வந்து டீ குடிக்கும்போது கேட்டார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு: "தங்கச்சி சொல்ற அந்த வெள்ளையடிக்கிற எடம்... காலையில எத்தன மணிக்கு?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூன் 15, சனி

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றியதும் சுவரைத்தான் பார்த்தார். கையை விரித்து அகலத்தை அளந்தார். "மாப்ள, இந்தச் சுவருக்கு ஒரு கண்ணாடி போட்டா எப்படி இருக்கும்!" நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மொதல்ல ஒத்தக் கால்ல நில்லுங்க" என்றார் நர்ஸம்மா மச்சானிடம். நின்றார், கொஞ்சம் பெருமையாகவே. "இப்ப கண்ண மூடுங்க."

மூடியதுதான் தாமதம், என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாரம் காலுக்கு இறங்கியது. அவர் கையை எடுக்கும்வரை அப்படியே நின்றேன்.